பகல் நேரத்து ஆம்பளை

லியாக்கத் அலி எழுத்தாளரானதில் தெருவுக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. திருடவில்லை, பொய்ச்சாட்சி சொல்லவில்லை, எழுதத்தானே எழுதுகிறார், எழுதிவிட்டுப் போகட்டும். ஆனால் அதைப் பகல் நேரத்தில், சொந்த வீட்டுக்குள் உட்கார்ந்து செய்கிறார் என்பதைத்தான் ஒருவராலும் செரித்துக்கொள்ள முடியவில்லை.

கடலூர் முதுநகரில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற அந்தத் தெருவில் காலை ஒன்பது மணிக்குமேல் ஆண் வாடையே இருக்காது. பாதிப் பேர் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் சம்பாதித்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் கடைத்தெருவிலும் துறைமுகத்திலும். மத்தியானச் சாப்பாடுகூடத் தூக்குச்சட்டியில் கடைக்குப் போய்விடும். ஒன்பது மணியிலிருந்து பிற்பகல் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரை தெரு பெண்களுடையது. கொல்லைக் கதவுகள் எல்லாம் திறந்து கிடக்கும். ஒரு வீட்டுக் கொல்லையில் நுழைந்து ஏழாவது வீட்டுக் கொல்லையில் வெளியே வரலாம். முக்காடு தோளில் கிடக்கும், வாய் பூட்டில்லாமல் கிடக்கும். பிள்ளைகுட்டி இல்லாத வீடு, கூடமும் பெரிசு என்பதால் எல்லோரும் வந்து சேர்கிற இடம் லியாக்கத் அலியின் வீடாக இருந்தது. அவர் மனைவி சைதுன் பீவி எல்லோருக்கும் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டு நடுவில் உட்கார்ந்துகொள்வாள்.

இந்த ராஜ்யத்தின் நட்ட நடுவில்தான், 1963-ஆம் வருஷத்துக் கடைசியில், லியாக்கத் அலி ஒரு மேஜையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

அதற்கு முன் பதினோரு வருஷம் சிதம்பரத்தில் மச்சானின் ஜவுளிக் கடையில் துணி கிழித்தவர் அவர். மச்சான் என்றால் சைதுன் பீவியின் அண்ணன் அப்துல் மஜீத். தினமும் காலை ரயிலில் போய் இருட்டியபின் ரயிலில் திரும்புவார். ரயிலில் உட்கார்ந்து எழுதிய கதைகளில் மூன்று பத்திரிகையில் வந்தன. மூன்றாவது வந்த அன்று கத்தரிக்கோலைக் கல்லாப் பெட்டிமேல் வைத்துவிட்டு, "மச்சான், இனிமே நான் வீட்லேர்ந்து எழுதப்போறேன்" என்றார். அப்துல் மஜீத் நல்ல மனிதர். "ஒடம்புக்கு என்னா?" என்றுதான் கேட்டார்.

வீட்டிலிருந்து எழுதுவது என்றால் என்ன என்பது இரண்டே நாளில் விளங்கிவிட்டது. கூடத்தில் பிற வீட்டுப் பெண்கள் இருக்கும்போது ஆண்பிள்ளை சட்டென்று அறையைவிட்டு வெளியே வரக்கூடாது. மூன்று முறை கனைக்க வேண்டும். கனைத்தால் கூடத்தில் பறவைக் கூட்டத்தில் கல் விழுந்த மாதிரி ஒரு பரபரப்பு. அதன்பின் சைதுன் பீவி, "ம், வரலாம்" என்பாள். தண்ணீர் குடிக்கக் கனைப்பு, கொல்லைக்குப் போகக் கனைப்பு, திரும்பி வரக் கனைப்பு. பக்கத்து வீட்டு ஆசியா உம்மாள் இரக்கப்பட்டு, இருமலுக்கு நல்லதென்று கருஞ்சீரகக் கஷாயம் வைத்து அனுப்பினாள்.

அடுத்தது கோழி. கோழி அறுப்பது ஆண்களின் வேலை என்பது தெருவின் வழக்கம். பெண் அறுக்கக்கூடாது என்று எந்தக் கிதாபிலும் இல்லை. இருந்தாலும் எவளும் கத்தியைத் தொடமாட்டாள். காலையில் புருஷன் கடைக்குக் கிளம்புமுன் அறுத்துக் கொடுத்தால் உண்டு, இல்லாவிட்டால் பள்ளிவாசல் மோதினாரைத் தேடிப் பிடிக்க வேண்டும். இப்போதோ பகலிலேயே ஒரு ஆண், அதுவும் சும்மா உட்கார்ந்திருக்கிற ஆண் கிடைத்துவிட்டார். ஜன்னல் கம்பிக்கு வெளியே ஒரு வளையல் கை நீளும், அதில் தலைகீழாக ஒரு கோழி தொங்கும். ரத்தத்தைப் பார்த்தால் லியாக்கத் அலிக்குக் கண் இருட்டும். எப்படியோ பல்லைக் கடித்துக்கொண்டு, பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து மேஜையில் உட்காருவார். 'அவளுடைய சங்குக் கழுத்தை அவன் மெல்ல' என்று பாதியில் விட்ட வரி அவருக்காகக் காத்திருக்கும். அன்றைக்கு அதற்குமேல் ஒரு வரி ஓடாது.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொள்வார். ஆனால் நாளாக ஆகக் கூடத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். கனைப்புக்குக் காது கொடுத்துக்கொண்டே எத்தனை நாள் பேச முடியும்? நோன்பு மாதம் பிறந்ததைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியாக நின்றுபோனாள், நோன்பு முடிந்தும் வரவில்லை. சைதுன் பீவி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அம்மியோடு பேசிக்கொண்டு அரைத்தாள்.

நோன்புப் பெருநாளன்று அப்துல் மஜீத் சிதம்பரத்திலிருந்து வந்தார். தங்கையின் முகத்தைப் பார்த்தார், பிறகு மாப்பிள்ளையிடம் வந்தார்.

"மச்சான், ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் பாருங்க. ஒரு புஸ்தகம் வரட்டும், நான் வாயத் தெறக்கமாட்டேன். வரலைன்னா பழைய எடத்துல வந்து உக்காந்துடுங்க. சரிதானே?"

சரிதான் என்று லியாக்கத் அலி தலையாட்டினார். இடையில் எழுபது நாள்கூட இல்லை. கையில் ஒரு நாவல் பாதியில் நின்றது. சிதம்பரத்தில் அச்சாபீஸ் வைத்துப் புத்தகம் போடும் ராஜமாணிக்கம், முழுசாகக் கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று சொல்லியிருந்தார். அது அச்சேறினால் அவர் எழுத்தாளர். ஏறாவிட்டால் சாகும்வரை துணி கிழிக்க வேண்டியதுதான்.

வழி சொன்னவள் சைதுன் பீவி. "நீங்க வீட்ல இல்லைன்னு சொல்லிப்புடறேன். சிதம்பரத்துல அச்சாபீஸ்ல வேலைக்குப் போறாங்க, விடியக்கால வண்டிக்குக் கெளம்பிடறாங்கன்னு. நீங்க ரூமுக்குள்ளயே இருங்க. நான் வெளியில பூட்டிக்கிறேன். ஒருத்தியும் கோழியத் தூக்கிட்டு வரமாட்டா."

"கூடத்துல பொம்பளைங்க வந்தா?"

"வரட்டும். ஆனா ஒண்ணு. நாலு பொம்பளைங்க பேசுறத நீங்க கேக்கப்படாது. அது ஹராம். காதுல பஞ்சு வெச்சுக்கணும்."

தலையணையிலிருந்து பிய்த்த பஞ்சை அவள் கண்ணெதிரே இரண்டு காதிலும் திணித்துக்கொண்டார். செருப்பையும் குடையையும் அறைக்குள் எடுத்து வைத்துக்கொண்டார். ஒரு கூஜா தண்ணீர் வைத்துக்கொண்டார். மற்ற அவசரங்களுக்கு, பெண்கள் சாப்பிடப் போகும் ஒரு மணி வரை தாக்குப்பிடிக்கும் மன உறுதி வேண்டியிருந்தது. சைதுன் பீவி வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெள்ளிக்கிழமை அச்சாபீஸுக்கு லீவு என்று வைத்துக்கொண்டார்கள், அன்றைக்கு மட்டும் பூட்டு கிடையாது, ஜும்மாவுக்குப் போக வேண்டுமே.

சேதி கொல்லைக் கதவுகள் வழியாக ஓடியது. மறுநாளே கூடம் நிறைந்துவிட்டது.

பஞ்சு நன்றாகத்தான் அடைத்தது, ஆனால் தெருப் பெண்களின் குரலை அடைக்கும் பஞ்சு எந்த மரத்திலும் காய்க்கவில்லை. முதலில் கேட்டது ஆசியா உம்மாளின் குரல். "இப்பதான்டி ஒம்புருஷன் மனுசனாயிருக்கான். ஆம்பளைன்னா வெயில்ல காயணும். வீட்ல காயுறது வடகம்தான்." கூடம் குலுங்கியது. அந்தச் சிரிப்பில் சைதுன் பீவியின் சிரிப்பும் இருந்தது. அவர் அதைக் கேட்டு மூன்று மாதமாகிறது என்பது அப்போதுதான் உறைத்தது. வடகமென்று சொன்னதற்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை.

மூன்றாம் நாள் ஆசியா உம்மாள், "அது கெடக்கட்டும். அந்தப் பல்கீஸு பொண்ணு என்னாடி ஆனா? நோம்புக்கு முந்தி கொல்லையில வெச்சுப் பாதியில விட்டியே" என்றாள்.

லியாக்கத் அலியின் பேனா நின்றது. பல்கீஸ் அவருடைய நாவலின் கதாநாயகி. சாயங்காலம் சைதுன் பீவி அரிசியில் கல் பொறுக்கும்போது அன்றைக்கு எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டுவார். அவள் "ம்" போடுவாள், அவ்வளவுதான். அதை இங்கே விநியோகம் செய்துகொண்டிருக்கிறாள் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பக்கம் பெருமையாக இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டுக் கதவில் காதை வைத்தார்.

கல்யாணமான எட்டாம் நாள் கப்பலேறிய மாப்பிள்ளையிடமிருந்து மூன்று மாதமாகச் சேதி இல்லை. அந்த இடம் அவருடைய பதினோராம் அத்தியாயம். அதில் பல்கீஸ் மாடத்தில் நின்று 'ஓ வெண்மதியே' என்று தொடங்கி நிலாவோடு நாலு பக்கம் பேசுவாள். அவர் உயிரைக் கொடுத்து எழுதிய நாலு பக்கம்.

"மூணு மாசமாச்சு," சைதுன் பீவியின் குரல் நிதானமாக வந்தது. "காயிதமும் இல்ல, ஆளும் இல்ல. பல்கீஸு என்னா பண்ணா? மொதல்ல அரிசிப் பானையத் தெறந்து பாத்தா. ஒரு ஒழக்கு கெடந்துச்சு. அதுல ஒரு புடிய எடுத்து, மாமியா கண்ணுல படாம முந்தியில முடிஞ்சு மறைச்சு வெச்சா. பசிக்கலையான்னா, பசிச்சுது. ஆனா நாளைக்கே யாராச்சும் வந்து, 'ஒம்மாப்பிள்ளகிட்டேர்ந்து சேதி கொண்டாந்திருக்கேன்'னு வாசல்ல நின்னா, அவுங்களுக்கு ஒரு வாய் சோறு போடணுமா இல்லியா?"

கூடத்தில் ஆசியா உம்மாள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அவளுடைய ஒரே மகன் ரஹ்மத்துல்லா பினாங்கில் இருக்கிறான், போய் நாலு வருஷமாகிறது.

லியாக்கத் அலிக்குக் காது மடல் சுட்டது. அரிசிப் பானை எங்கே வந்தது? தன் கையெழுத்துப் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பதினோரு அத்தியாயத்தில் நிலா முப்பது இடத்தில் இருந்தது, பானை ஓரிடத்தில்கூட இல்லை. பொறாமை என்றால் பொறாமைதான், வேறு பெயர் சொல்வானேன். பெண்டாட்டிமேல் அப்படி ஒரு ஆத்திரம் அவருக்கு வந்ததே கிடையாது. ஆத்திரம் தீர்ந்ததும், வெண்மதியை நாலாக மடித்து மேஜைக்கடியில் போட்டுவிட்டு, அவள் சொன்னதைச் சொன்னபடியே எழுத ஆரம்பித்தார்.

அதன்பின் தினம் இதுவே வேலை. அவர் எழுதி நிறுத்திய இடத்தைத் தாண்டியும் கூடத்தில் அவள் சொல்லிக்கொண்டே போவாள், அறைக்குள் இவர் எழுதுவார். சாயங்காலம் பூட்டைத் திறந்ததும் பஞ்சை மறுபடி காதில் வைத்துக்கொண்டு வெளியே வருவார். "நல்லா ஓடுச்சா?" என்று அவள் கேட்பாள். "ஏதோ" என்பார். படித்துக் காட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார். மாடு என்னுடையது, கன்று மட்டும் வேறு யாருடையதாம் என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டார். மூன்று வாரத்தில் மூன்று அத்தியாயம் சேர்ந்தது. தன்னுடைய பத்து, அவளுடைய மூன்று, எல்லாவற்றையும் கட்டி எடுத்துக்கொண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்த கையோடு ரயிலேறிச் சிதம்பரத்துக்குப் போனார்.

ராஜமாணிக்கம் மேல வீதியில் மாடியில் இருந்தார். முதல் பத்து அத்தியாயத்தைச் சீட்டுக்கட்டுப் போலத் தள்ளிக்கொண்டே போனார்.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. இந்த நெலாவ இவ்ளோ நேரம் நிக்க வெச்சுப் பேசினா அது மயக்கம்போட்டு விழுந்துடும்."

பதினொன்றில் கை நின்றது. டீ வந்தது, ஆடை கட்டியது. பதின்மூன்று முடியும் வரை அவர் நிமிரவில்லை.

"இத யாரு எழுதினது?"

"நான்தான்."

"அப்ப அத யாரு எழுதினது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டுல ஒண்ணு பொய்," என்றார் ராஜமாணிக்கம். "எதுன்னு எனக்கு வேணாம். மொதல்லேர்ந்து இதே மாதிரி எழுதியாங்க. ஒங்க பெருநாளுக்குள்ள குடுத்தீங்கன்னா ஆனி மாசம் புஸ்தகம். அந்த நெலா மட்டும் வேணாம்."

ரயில் ஆலப்பாக்கம் தாண்டும் வரை லியாக்கத் அலி சந்தோஷப்படுவதா அழுவதா என்று தீர்மானிக்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். புத்தகம் வரப்போகிறது. அதில் அவருடையது ஒரு வரியும் இருக்காது. எழுத்தாளராக வேண்டும் என்று துடித்தவருக்குப் பெண்டாட்டியின் குமாஸ்தா வேலை கிடைத்திருந்தது. இருந்தாலும் அது வீட்டிலிருந்து செய்கிற வேலை, சரி, அதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் நைசாக ஆரம்பித்தார். "சைதுனு, என் கதைய எனக்கே ஒருவாட்டி சொல்லேன், மொதல்லேர்ந்து. எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"நீங்க எழுதினத ஒங்களுக்கே சொல்றதா?" என்று சிரித்தாள். வற்புறுத்தியபின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். மதரசாவில் பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி ஆரம்பித்தாள். "பல்கீஸுன்னு ஒரு பொண்ணு. அவ... பௌர்ணமி நிலா மாதிரி இருந்தா. அப்புறம்... மாடத்துல நின்னு நெலாவப் பாத்து..." அவர் எழுதியதை அவர் எழுதிய மாதிரியே, ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். அரிசிப் பானையைப் பற்றிக் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்டால் பஞ்சு வெளியே வந்துவிடும். விழுங்கிக்கொண்டார்.

ஆனால் அல்லாஹ் வேறு வழி திறந்தான். மூன்றாம் வீட்டு சுல்தானா தலைப்பிரசவத்துக்குப் பரங்கிப்பேட்டைக்குத் தாய்வீடு போயிருந்தவள், நாற்பது நாள் கழித்துக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள். வந்த அன்றே, "என்னெ விட்டுட்டுக் கதையா கேட்டீங்க? எனக்கு மொதல்லேர்ந்து சொல்லணும்" என்று கூடத்தில் உட்கார்ந்துவிட்டாள். சைதுன் பீவி முதலிலிருந்து ஆரம்பித்தாள். உள்ளே லியாக்கத் அலி புதுக் காகிதக் கட்டைப் பிரித்தார்.

ஆறு நாள். அந்த ஆறு நாளைப்போல் அவர் வாழ்நாளில் உழைத்ததில்லை. விரல் வீங்கியது. பல்கீஸின் கல்யாணத்தில் யார் யார் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் போனார்கள், மாப்பிள்ளையின் கைலியில் எங்கே ஒட்டுப்போட்டிருந்தது, எல்லாம் வந்தது. பெண்கள் நடுவில் குறுக்கிடுவார்கள். "அந்தச் சாச்சிய சும்மா விட்டாளா?" என்று ஒருத்தி கேட்டால், அடுத்த நொடி அந்தச் சாச்சி கதைக்குள் ஓர் அடி வாங்கியிருப்பாள். நடுநடுவே சொந்தக் கதைகளும் ஓடும். சுல்தானா தன் பிரசவத்தைப் பற்றிச் சொன்னாள், ஒரு ஆண் காது கேட்கக்கூடாத விஷயமெல்லாம் சொன்னாள். அந்த இடத்தில் அவர் பேனாவை வைத்துவிட்டுக் காதைப் பொத்திக்கொண்டார். முழுசாகப் பொத்தினார் என்று சொன்னால் அது பொய்.

ஏழாம் நாள் மத்தியானம் இரண்டரை மணி இருக்கும், கதையில் பல்கீஸின் வாசலை யாரோ தட்டினார்கள். வாசலில் சைக்கிள் மணி அடித்தது. "தந்தி! ஆசியா உம்மாள் யாரு? பக்கத்து வீட்ல யாருமில்லியே!"

அந்தத் தெருவில் தந்தி என்றால் மவுத்து. நல்ல சேதிக்கு யாரும் தந்தி அடிப்பதில்லை, அதற்குக் கடுதாசி இருக்கிறது. போன மாதக் கடுதாசியில்தான் ரஹ்மத்துல்லா காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருப்பதாக எழுதியிருந்தான். சைதுன் பீவி கைநாட்டு வைத்து வாங்கினாள். காகிதத்தில் இங்கிலீஷ். அதைப் படிக்கிறவர் அங்கே ஒருத்தரும் இல்லை. தந்திக்காரர் அதற்குள் போய்விட்டார்.

"யா அல்லாஹ்!" ஆசியா உம்மாள் தரையில் விழுந்தாள். "என் ஈரக்கொலையே, ஒன்னெக் கப்பலேத்தி விட்ட கை இதுதானேடா! அனுப்பாதம்மான்னு ஒருத்தராச்சும் சொன்னீங்களாடி!" மார்பில் அறைந்துகொள்ளும் சத்தம் கேட்டது. "கடத்தெருவுக்கு யாராச்சும் ஓடுங்களேன்," என்றாள் ஒருத்தி. "துப்பட்டியப் போட்டுக்கிட்டுப் போயி ஆளக் கூட்டியார அர மணியாவுமே," என்றாள் இன்னொருத்தி.

லியாக்கத் அலி கதவுக்குப் பின்னால் நின்றார். அரை மணிதானே, என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. பேசாமல் இரு. யாராவது வந்து படிப்பார்கள். இன்னும் இரண்டு வாரம், புத்தகம் முடிந்துவிடும். மேஜையைப் பார்த்தார். காகிதத்தில் மை காயாமல் இருந்தது: 'என் ஈரக்கொலையே, ஒன்னெக் கப்பலேத்தி விட்ட கை இதுதானேடா.' அவர் கை அதையும் எழுதியிருந்தது. தன்மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

அப்போது கதவில் ஒரு கை வந்து படிந்தது. வளையல் சத்தத்தில் அது சைதுன் பீவி என்று தெரிந்தது. அவள் கூப்பிடவில்லை, தட்டவில்லை. கையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றாள்.

"தந்தியக் கதவுக்கடியில தள்ளு, சைதுனு," என்றார் லியாக்கத் அலி.

யாரோ 'வீல்' என்று கத்தினார்கள். காகிதம் கதவுக்கடியில் வந்தது. அவர் எடுத்துப் படித்தார், இன்னொரு முறை படித்தார், குரலை உயர்த்தித் தமிழில் சொன்னார். "காய்ச்சல் கொணமாயிடுச்சு. பதினெட்டாந்தேதி கப்பல்ல பொறப்படறேன். கவலப்பட வேணாம். ரஹ்மத்துல்லா."

ஆசியா உம்மாள் இருந்த இடத்திலேயே சஜ்தாவில் விழுந்தாள். "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று பத்துப் பதினைந்து தடவை சொன்னாள். மற்றவர்களும் அழுது சிரித்தார்கள். பிறகு மெல்ல மெல்லச் சத்தம் அடங்கியது. கடைசியில் ஆசியா உம்மாள்தான் கேட்டாள்.

"தம்பி, நீ எத்தினி நாளா உள்ள இருக்கே?"

"இன்னிக்குத்தான்... ஒடம்பு சரியில்லாம..."

"பூட்டு வெளியில தொங்குது," என்றாள் சுல்தானா.

எல்லோரும் சைதுன் பீவியின் இடுப்பைப் பார்த்தார்கள். சாவி அங்கேதான் இருந்தது. சுல்தானா முக்காட்டைக் கண் மறையும்வரை இழுத்துக்கொண்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லை வழியாகப் போனாள். ஒவ்வொருத்தியாகப் போனாள். ஆசியா உம்மாள் கதவுக்கடியில் திரும்பி வந்த தந்தியை மடித்து எடுத்துக்கொண்டு, "ஒங்கிட்ட இத எதிர்பாக்கல சைதுனு" என்று சொல்லிவிட்டுப் போனாள். பூட்டைத் திறந்தபோது கூடத்தில் தேத்தண்ணிக் குவளைகள் பாதி குடித்தபடி கிடந்தன.

அன்றைக்கு லியாக்கத் அலி மனைவியிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். பஞ்சு, எழுதிய காகிதம், ராஜமாணிக்கம் சொன்னது, எல்லாம். நீ சொன்ன கதைதான் நன்றாக இருக்கிறதாம் என்பதையும் சொன்னார். அதைச் சொல்ல அவருக்குப் பெரிய மனசு வேண்டியிருந்தது. கேட்டால் அவள் பூரிப்பாள் என்று நினைத்தார்.

"அது ஒங்களுக்குச் சொன்னதில்ல," என்றாள் சைதுன் பீவி. அவ்வளவுதான் சொன்னாள்.

அதன்பின் கொல்லைக் கதவு திறக்கவில்லை. ஜன்னலில் கோழிகூட வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது, எழுத்தாளன் ஆசைப்படுகிற அத்தனை அமைதியும் இருந்தது. மிச்சக் கதையை அவளைப்போலவே தானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்தார். பல்கீஸை அரிசிப் பானையைத் திறக்க வைத்தார். உள்ளேயிருந்து நிலா எட்டிப் பார்த்தது. அடித்தார், மறுபடி திறந்தார், மறுபடி நிலா. வெளியே சைதுன் பீவி அம்மியோடுகூடப் பேசாமல் அரைத்துக்கொண்டிருந்தாள். ஹஜ்ஜுப் பெருநாளன்று அப்துல் மஜீத் வந்தார். எதையும் கேட்கவில்லை. "பழைய எடம் அப்படியேதான் கெடக்கு மச்சான்" என்றார்.

லியாக்கத் அலி பழையபடி ரயிலேறினார். தெரு அதை நம்பவில்லை. ஒருமுறை ஏமாந்தவர்கள் அல்லவா. காலையில் அவர் குடையோடு தெருக்கோடி வரை போவதைக் கதவிடுக்கில் கண்கள் பார்த்தன, அப்படியும் யாரும் வரவில்லை.

பத்து நாள் கழித்துக் கடைக்கு ஒரு வாலிபர் வந்தார். கப்பல் பயணத்தில் இளைத்த முகம், கையில் வெளிநாட்டுக் கைக்கடிகாரம். இரண்டு மீட்டர் வெள்ளை மல் கேட்டார். லியாக்கத் அலி அளந்து கிழித்துக் கொடுத்தார்.

"நான் ரஹ்மத்துல்லா, ஆசியா உம்மாள் மகன்," என்றார் வாலிபர், கூச்சத்தோடு. "துணி ஒண்ணும் வேணாம் மாமா. நீங்க நெசமாவே கடையில இருக்கீங்களான்னு பாத்துட்டு வரச் சொன்னாங்க."

"இருக்கேன்னு சொல்லுப்பா," என்றார் லியாக்கத் அலி. "தெனமும் இருட்டுற வரைக்கும் இருப்பேன்னு சொல்லு."

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பியபோது சமையல்கட்டில் பதினோரு குவளைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தன. சைதுன் பீவியின் குரல் கம்மியிருந்தது, வெகுநேரம் பேசிய கம்மல். முகத்தில் வெளிச்சம் இருந்தது. அவருக்கு நெஞ்சு நிறைந்தது, அதே நேரம் யாரோ பிடுங்கிக்கொண்டு போன மாதிரியும் இருந்தது.

அப்புறம் தினமும் மூன்று மணிக்கு, கூடத்தில் கதை நடக்கிற நேரத்தில், அவர் கை சற்று நிற்கும். "இன்னும் ஒரு மீட்டர் பாய்" என்று வாடிக்கைக்காரர் சொன்ன பிறகுதான் கத்தரிக்கோல் நகரும். பரணில் கட்டிப்போட்ட காகிதக் கட்டு, பல்கீஸின் வாசலை யாரோ தட்டுகிற இடத்தோடு நின்றிருந்தது. யார் தட்டியது என்று தெருவில் பதினோரு பெண்களுக்கும் தெரியும்.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டார். "சைதுனு, அந்தக் கதவத் தட்டினது யாரு? மாப்பிள்ளயா?"

சைதுன் பீவி சோற்றுச் சட்டியை இறக்கிக்கொண்டே அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் கேலியும் இல்லை, கோபமும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியமாகத்தான் கேட்டாள்.

"நீங்க எழுதின கதைதானே? ஒங்களுக்குத் தெரியாதா?"

அவர் கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள்.